முதலில் எதைத் தீர்மானிப்பது? பினாங்கில் படம் பிடிக்கத் தொடங்குபவருக்கு ஓர் ஒப்பீடு

புதிதாகக் கேமரா வாங்கியவர் முன்னால் ஒரே நேரத்தில் பல கேள்விகள் வந்து நிற்கின்றன. எந்த லென்ஸைப் பொருத்துவது, ஒளி நுழையும் லென்ஸின் துளையை எவ்வளவு திறப்பது, ஒளி விழும் நேரத்தை முடிவுசெய்யும் ஷட்டரை எந்த வேகத்தில் வைப்பது, எந்த நேரத்து வெளிச்சத்தில் கிளம்புவது, வண்ணத்தில் எடுப்பதா கருப்பு வெள்ளையிலா, கேமராவே திருத்திச் சுருக்கித் தரும் ஜேபெக்காகச் சேமிப்பதா, திருத்தாத ரா கோப்பாகச் சேமிப்பதா என்று அவை நீண்டுகொண்டே போகும். அனைத்தையும் முதல் நாளிலேயே தம் கையில் எடுத்துக்கொள்பவர், எண்களைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே எதிரே நடந்த காட்சியைத் தவறவிடுவார். அனைத்தையும் கேமராவின் தானியங்கி முறையிடம் ஒப்படைப்பவருக்கோ தெளிவான படங்கள் கிடைக்கும். ஆனால் அவற்றில் அவருடைய தீர்மானம் என்று சொல்லத்தக்கது எதுவும் இருக்காது. ஒரு நேரத்தில் ஒரு தேர்வை மட்டும் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் கேமராவிடம் விடுவதே நடைமுறைக்கு ஏற்ற வழி. அப்படியானால் எந்தத் தேர்வை முதலில் கையில் எடுப்பது என்பதுதான் தொடங்குபவர் எடுக்க வேண்டிய முடிவு. பினாங்கின் தலைநகரான ஜோர்ஜ் டவுனின் தெருக்களை மனத்தில் வைத்து அந்தத் தேர்வுகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

பெரும்பாலான பயிற்சிகள் துளையில்தான் தொடங்குகின்றன. அதற்குக் காரணம் உண்டு. துளையை அகலத் திறந்தால் முகம் கூர்மையாக நிற்க, பின்னால் உள்ளவை மங்கிவிடுகின்றன. கைப்பேசிப் படத்திலிருந்து வேறுபட்ட ஒன்று உடனே திரையில் தெரிகிறது. கேமராவுக்குக் கொடுத்த வெள்ளிக்குப் பலன் கிடைத்தது என்ற நிறைவும் வருகிறது. கேமராவோடு சேர்ந்து வரும் 18–55 மி.மீ. ஜூம் லென்ஸின் துளை பொதுவாக எஃப் 3.5 முதல் 5.6 வரைதான் திறக்கும் (எஃப் எண் குறையக் குறையத் துளை அகலும்) என்பதால், பலரும் அடுத்ததாக வாங்குவது 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். விலையும் குறைவு, எடையும் குறைவு, மங்கலும் தாராளம். ஆயினும் பினாங்கில் தொடங்குபவருக்கு இந்த வரிசை பொருந்தாது என்பதே என் கருத்து.

லிட்டில் இந்தியாவிலுள்ள லெபு குயின் தெருவில் பூ கட்டும் ஒருவரைப் படம் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். அவருடைய முகத்துக்குப் பின்னால் தண்ணீர் தெளித்து வைத்த மல்லிகைக் கூடை இருக்கிறது. கம்பியில் வரிசையாகத் தொங்கும் சாமந்தி மாலைகள் இருக்கின்றன. சாமி படம் போட்ட நாட்காட்டி, அட்டையில் பேனாவால் எழுதிய விலை, மாலைக்காகக் காத்து நிற்கும் ஒருவரின் பாதி உருவம், அதற்கும் பின்னால் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலின் கோபுரத்தில் ஒரு துண்டு. துளையை எஃப் 1.8-க்குத் திறந்தால் இவையெல்லாம் மஞ்சளும் பச்சையுமான வட்டங்களாகக் கரைந்துபோகும். எஞ்சியிருக்கும் முகம் அழகாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் படம் கோலாலம்பூரில் எடுத்ததா, மதுரையில் எடுத்ததா, வீட்டு வரவேற்பறையில் எடுத்ததா என்று பார்ப்பவரால் சொல்ல முடியாது. 2008ஆம் ஆண்டு ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து ஜோர்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெறச் செய்தது எதுவோ, அது பெரும்பாலும் இந்தப் பின்னணியில்தான் இருக்கிறது. அதை அழித்துவிடும் தேர்வை முதல் பழக்கமாக்கிக்கொள்வது பெரிய இழப்பு.

இதில் நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. நல்ல வெயிலில், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணை 100-இல் வைத்து, துளையை எஃப் 16-இல் வைத்தால் ஷட்டர் ஏறக்குறைய 1/100 நொடிக்கு வரும் என்பது பழைய கணக்கு. அதே வெயிலில் எஃப் 1.8 வேண்டுமானால் 1/8000 நொடி தேவைப்படும். தொடக்க நிலைக் கேமராக்கள் பலவற்றில் ஷட்டர் 1/4000 நொடியோடு நின்றுவிடுகிறது. வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடியை லென்ஸின் முன்னால் மாட்டாதவரை நண்பகல் தெருவில் அந்த மங்கல் கிடைக்காது. கிடைப்பது வெளுத்துப்போன படம்தான். அடுத்தது கூர்மையின் ஆழம். 36க்கு 24 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறிய ஏ.பி.எஸ்.-சி அளவு சென்சார் (ஒளியைப் பதிக்கும் சில்லு) கொண்ட கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், கூர்மையாக இருக்கும் பகுதி சுமார் 6 சென்டிமீட்டர்தான். எதிரில் இருப்பவர் பூவை எடுக்கச் சற்றே முன்னால் குனிந்தால் கண்ணிலிருந்த கூர்மை காதுக்குப் போய்விடும். 35 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் வைத்து 2 மீட்டரில் நின்றால், சுமார் 1.6 மீட்டரிலிருந்து 2.7 மீட்டர் வரை எல்லாம் தெளிவாகவே விழும். அதற்கப்பால் உள்ளவை மென்மையாகும், ஆனால் அடையாளம் தெரியும். தொடங்குபவருக்கு இந்த இரண்டாவது ஏற்பாடு தருவது நிம்மதி. ஃபோக்கஸ் பற்றிய கவலை குறைவதால் அவர் காட்சியைக் கவனிக்க முடிகிறது.

அகலத் துளையை நான் ஒதுக்கவில்லை. பின்னணியில் நிறுத்தி வைத்த கார்களும், சாலைப் பணிக்கான ஆரஞ்சு நிறக் கூம்புகளும், குப்பைத் தொட்டியும் மட்டுமே இருந்தால் அவற்றை மங்கவைப்பது சரியான முடிவு. விளக்கு வெளிச்சம் மட்டுமுள்ள மண்டபத்தில் வேறு வழியே இல்லை. ஆனால் இவை காரணத்தோடு எடுக்கும் முடிவுகள். பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பழகிய பிறகு எடுக்க வேண்டியவை. பார்க்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே மங்கவைக்கக் கற்றுக்கொண்டவர், பின்னணியைக் கவனிக்க வேண்டிய தேவையையே உணர்வதில்லை.

ஆகவே முதலில் கையில் எடுக்க வேண்டியது எங்கே நிற்பது, எவ்வளவு தூரத்தில் நிற்பது என்ற தேர்வு. கேமராவில் எந்தப் பொத்தானும் இதற்கு இல்லை. தானியங்கி முறையும் இதை நமக்காகச் செய்யாது. ஒரு முகம் எவ்வளவு பெரிதாக, அதன் பின்னாலுள்ள கோபுரம் எவ்வளவு சிறிதாகத் தெரியும் என்பதை நிர்ணயிப்பது லென்ஸின் எண் அல்ல, நாம் நிற்கும் தூரம். லென்ஸ் செய்வது அந்தக் காட்சியில் எவ்வளவு பகுதியை வெட்டி எடுப்பது என்பதை மட்டுமே. கைப்பேசியால் அரை மீட்டரில் முகத்தை எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரிவதும், நாலடி பின்னால் போய் எடுத்தால் அது சரியாகிவிடுவதும் இதனால்தான்.

இங்கே ஜூம் லென்ஸையும், ஜூம் செய்ய முடியாத ஒற்றைக் குவியத் தொலைவு லென்ஸையும் ஒப்பிட வேண்டியிருக்கிறது. ஜூமின் வசதியை மறுக்க முடியாது. கூட்டத்தில் நகர முடியாத இடத்திலும், தேரின் உச்சியிலுள்ள வேலைப்பாட்டை எடுக்கவும் அது கைகொடுக்கும். ஆனால் தொடங்குபவரிடம் அது ஒரு சோம்பலை வளர்க்கிறது: நின்ற இடத்திலேயே நின்று, வளையத்தைத் திருப்பி, கிடைத்ததை எடுத்துக்கொள்வது. எல்லாப் படங்களும் நின்ற உயரத்திலிருந்து, சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து எடுத்தவையாகவே அமைந்துவிடும். ஒற்றைக் குவியத் தொலைவு லென்ஸில் காட்சி சரியாக அமைய வேண்டுமானால் நடக்க வேண்டும், குனிய வேண்டும், இரண்டு படி ஏற வேண்டும். அந்த நடையில்தான் வேறு கோணங்கள் கண்ணில் படுகின்றன.

எந்த எண் என்பதில் ஊரின் அமைப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஜோர்ஜ் டவுனின் கடைவீடுகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதை, பெயருக்கேற்ப ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலம். சில இடங்களில் கூடுதல். ஒரு பக்கம் கடை, மறுபக்கம் தூணும் சாக்கடையும் சாலையும். பின்னால் நகர இடமில்லை. ஏ.பி.எஸ்.-சி கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றரை மீட்டர் தூரத்தில் 70 சென்டிமீட்டர் அகலத்தை மட்டுமே காட்டும். தையல்காரர் தெரிவார், தையல் இயந்திரம் தெரியாது. 35 மி.மீ. ஒரு மீட்டர் அகலத்தைக் காட்டும், இரண்டும் தெரியும். 24 மி.மீ. ஒன்றரை மீட்டர் அகலத்தைக் காட்டும். கதவு, அதன் மேலுள்ள பெயர்ப்பலகையின் ஓரம், தரையிலுள்ள பூக்கல் ஓடு எல்லாம் வந்துவிடும். பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் தம் படங்களில் பெரும்பாலானவற்றை 50 மி.மீ. லென்ஸில் எடுத்தார் என்பதைக் காட்டி அதே எண்ணைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. அவர் பயன்படுத்தியது 36க்கு 24 மி.மீ. அளவுள்ள ஃபிலிம். அந்தப் பார்வை ஏ.பி.எஸ்.-சி கேமராவில் வேண்டுமானால் 35 மி.மீ. லென்ஸைத்தான் பொருத்த வேண்டும், 50 மி.மீ. அங்கே 75 அல்லது 80 மி.மீ. லென்ஸைப் போல் இறுக்கிவிடும். எனவே ஒரே ஒரு லென்ஸ் வாங்க முடியுமென்றால் 35 மி.மீ. வாங்குங்கள் என்பேன். வாங்க வசதியில்லை என்றால், கையிலுள்ள 18–55 லென்ஸை 35-இல் வைத்து, வளையம் நகராதபடி ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு ஒரு மாதம் பழகினால் போதும், செலவே இல்லை.

தூரத்தைத் தேர்ந்தெடுப்பது மனிதர்களோடு நடந்துகொள்ளும் முறையையும் தேர்ந்தெடுப்பதாகும். 200 மி.மீ. லென்ஸோடு எதிர் வரிசையில் நின்று எடுப்பவர் யாரிடமும் பேச வேண்டியதில்லை. படத்தில் இருப்பவருக்குத் தாம் படத்தில் இருப்பதே தெரியாது. 35 மி.மீ. லென்ஸோடு ஒன்றரை மீட்டரில் நிற்பவரால் அப்படி இருக்க முடியாது. "அக்கா, நீங்க கட்டுறதை ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டே ஆக வேண்டும். சிலர் வேண்டாம் என்பார்கள். அங்கே கேமராவை இறக்கிவிட வேண்டும். சம்மதிப்பவர் முதல் இரண்டு நிமிடம் நிமிர்ந்து உட்கார்ந்து கேமராவைப் பார்ப்பார். அதற்குப் பிறகு வாடிக்கையாளர் வந்துவிடுவார், நாரைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலையைத் தொடர்வார். அப்போது கிடைக்கும் படம் எதிர்வரிசையிலிருந்து எடுத்த படத்தைவிட எல்லா வகையிலும் மேலானது. கூச்சம் உள்ளவர்களுக்கு இது கடினமான வழி என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் இதையே பரிந்துரைக்கிறேன்.

லெபு ஆர்மேனியனில் 2012ஆம் ஆண்டு எர்னஸ்ட் ஸகாரெவிச் வரைந்த மிதிவண்டிச் சிறுவர் சுவரோவியத்தைப் படம் பிடிக்கப் போகிறவர்களும் இதே தேர்வைச் சந்திக்கிறார்கள். இரண்டு மீட்டரில் நின்று எடுத்தால் ஓவியம் முழுமையாகக் கிடைக்கும். ஆயிரக்கணக்கானோரிடம் அதே படம் இருக்கிறது. தெருவின் மறுபக்கம் போய்விட்டால் சுவரும், வரிசையில் நிற்கும் குடும்பமும், குடை பிடித்த பாட்டியும், தம் முறை வரும்வரை கைப்பேசியைப் பார்க்கும் இளைஞரும் சட்டத்துக்குள் வருகிறார்கள். நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன்.

அடுத்தது வெளிச்சத்தின் நேரம். இதையும் கேமரா நமக்காகச் செய்வதில்லை. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்தரை பாகைக்குள் இருப்பதால் சூரியன் ஆண்டு முழுவதும் காலை 7-க்கும் 7.40-க்கும் இடையில் உதித்து, மாலை 7-க்கும் 7.40-க்கும் இடையில் மறைகிறது. 1982இல் தீபகற்பத்தின் நேரம் அரை மணி முன்னால் தள்ளப்பட்டதால், உச்சி வெயில் கடிகாரத்தில் 12 மணிக்கு அல்ல, ஒரு மணிக்கு மேல்தான் வருகிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். நிழல் காலடியிலேயே விழும், கண்குழிகள் கறுத்துவிடும். சூரியன் செங்குத்தாக இறங்குவதால் மறைந்த பின் மீதமிருக்கும் வெளிச்சமும் இருபது நிமிடங்களுக்குச் சற்று மேல்தான் நீடிக்கும். மேல்நாட்டுப் பாடங்களில் வரும் நீண்ட மாலைப் பொன்னொளி இங்கே கிடையாது. நேரத்தைத் திட்டமிடாமல் போனால் தவறிவிடும்.

காலை, மாலை இரண்டில் காலையே தொடங்குபவருக்கு ஏற்றது. கிழக்கு நோக்கிய லெபு குயின் கோபுரத்தில் காலை வெயில் நேராக விழுகிறது; பெங்காலான் வெல்ட் கடற்கரையில் நீர்மேல் கட்டிய குடியிருப்பான சியூ ஜெட்டியில் நின்றால் சூரியன் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து எழும்பி மரப்பலகைகளின் மேல் சாய்ந்து வரும்; கடைகள் திறக்கும் வேளையாதலால் ஆட்களும் பரபரப்பின்றி இருப்பார்கள். மாலையின் பலம் வேறு: வானத்தில் நீலம் மிச்சமிருக்கும்போதே லெபு பாசாரில் கடை விளக்குகள் எரியத் தொடங்கும் அந்த இருபது நிமிடங்கள். அது மிக அழகான நேரம். ஆனால் வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் குறைவதால் அமைப்புகளையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காலையில் சில வாரங்கள் பழகிவிட்டு மாலைக்குப் போவதே நல்லது. நண்பகலை முழுக்க ஒதுக்க வேண்டியதில்லை. ஐந்தடி நடைபாதையின் நிழலுக்குள் நுழைந்தால், எதிர்த் தெருவிலும் சுவர்களிலும் பட்டுத் திரும்பும் வெயில் முகங்களின் மேல் பக்கவாட்டில் மென்மையாக விழுகிறது. ஊரே கட்டி வைத்திருக்கும் ஒளிப்படக் கூடம் அது.

துளைக்கும் ஷட்டர் வேகத்துக்கும் இடையில் எதை முதலில் கையில் எடுப்பது என்று கேட்டால், ஷட்டரை என்பேன். இந்த ஊரின் வாழ்க்கை அசைவில் இருக்கிறது. மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) தே தாரிக் தேநீரைக் குவளைக்குக் குவளை உயர்த்தி ஊற்றி இழுப்பவரையே எடுத்துக்கொள்ளலாம். 1/1000 நொடியில் எடுத்தால் தேநீர் காற்றில் உறைந்துவிடும். கயிறுபோல் முறுக்கிய ஓட்டமும், அதிலிருந்து பிரிந்த துளிகளும், கீழ்க் குவளையில் எழும் நுரையின் குமிழ்களும் தனித்தனியாகத் தெரியும். 1/30 நொடியில் எடுத்தால் துளிகள் மறைந்து, இரண்டு குவளைகளுக்கும் இடையில் ஒரே பழுப்புப் பட்டை நீளும். மேலே போகும் கை சற்றே கலங்கி, இழுப்பின் வேகம் உணர்வாக வரும். முதலாவது, கண்ணால் காண முடியாததைக் காட்டுகிறது. இரண்டாவது, கண்டதை நினைவுபடுத்துகிறது. எனக்கு இரண்டாவதே பிடிக்கும். ஆனால் தொடங்குபவர் ஒரே கடையில், ஒரே இடத்தில் நின்று இரண்டையும் எடுத்துப் பார்க்க வேண்டும். வேறெந்தப் பாடமும் இவ்வளவு விரைவாகப் புரியாது.

அங்கே ஒரு தொழில்நுட்பத் தடை காத்திருக்கிறது. மலேசியாவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் குழல் விளக்குகளும் எல்.இ.டி. விளக்குகளில் பலவும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்கு அது தெரியாது. 1/1000 நொடி ஷட்டருக்குத் தெரியும். படத்தில் கிடைமட்டமாகக் கறுப்புப் பட்டைகள் விழுவதோ, அடுத்தடுத்த படங்களின் நிறம் மாறுவதோ கேமராவின் பழுதல்ல. விளக்கடியில் 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்தால் போய்விடும். உறையவைக்க வேண்டுமானால் பகல் வெளிச்சம் விழும் கடை வாசலில் இழுப்பவரைத் தேடிச் செல்ல வேண்டும்.

தைப்பூசம் இந்தத் தேர்வைக் கட்டாயமாக்குகிறது. பூசத்துக்கு முந்தைய நாள் விடிவதற்கு முன்பே வெள்ளித்தேர் லெபு பினாங்கு கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலை நோக்கிப் புறப்படுகிறது. 2017 முதல் தங்கத்தேரும் வருகிறது. வழியெங்கும் குவித்து வைத்த தேங்காய்களை உடைக்கிறார்கள். ஓடு சிதறி நீர் தெறிப்பதை உறையவைக்க 1/1000 நொடியாவது வேண்டும். ஆனால் தை மாதத்தில் சூரியன் உதிக்க ஏழரை ஆகிவிடும். அதற்கு முன் தெருவிளக்கில் அந்த வேகத்தை எட்ட, சாதாரண ஜூம் லென்ஸில் ஐ.எஸ்.ஓ. பல்லாயிரங்களுக்கு ஏறும், படம் மணல் தூவியதுபோல் பொரிந்துவிடும். ஆகவே விடியும்வரை மெதுவான ஷட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: ஐந்தடித் தூணில் தோளைச் சாய்த்து, 1/15 நொடியில், நின்றிருக்கும் தேர் கூர்மையாகவும் சுற்றி நகரும் கூட்டம் கலங்கியும் வரும்படி எடுக்கலாம். வெயில் வந்த பிறகு வேகத்தைக் கூட்டித் தேங்காய்க்குப் போகலாம். மறுநாள் தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகளில் காவடியோடு ஏறுபவர்களை எடுக்கும்போது 1/250 நொடி பெரும்பாலும் போதும். அங்கே ஷட்டரைவிட முக்கியமானது வழியை மறிக்காமல் நிற்பதும், அருள் வந்திருப்பவரின் முகத்துக்கு நேராக ஃபிளாஷ் அடிக்காமல் இருப்பதும்.

ஓடும் டிரைஷாவை (மூன்று சக்கர மிதிரிக்‌ஷா) தொடர்ந்து கேமராவைத் திருப்பியபடி 1/30 நொடியில் எடுக்கும் முறையும் பழகத்தக்கது. பினாங்கு டிரைஷாவில் ஓட்டுநர் பின்னால் இருப்பதால், பயணியின் முகமும் ஓட்டுநரின் முகமும் ஒரே வரிசையில் வரும். இரண்டும் கூர்மையாக விழக் கை பழக வேண்டும். பத்தில் ஒன்று தேறினால் நல்ல தொடக்கம். நல்ல வெயிலில் இதைச் செய்ய முடியாது. 1/30 நொடிக்கு எஃப் 16-இலும் வெளிச்சம் அதிகம். மேகமூட்டமான காலையோ மாலையோ வேண்டும்.

வண்ணமா, கருப்பு வெள்ளையா என்பது எல்லோரும் விரும்பிப் பேசும் கேள்வி. கருப்பு வெள்ளை எளிதில் மரியாதை பெற்றுத் தருகிறது. சாதாரணப் படமும் கனமாகத் தோன்றும். அதனாலேயே தொடங்குபவர் அதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். துணிக்கடையில் வெள்ளை எல்.இ.டி.யும் மஞ்சள் விளக்கும் கலந்து முகம் பச்சையாக விழுந்துவிட்டால், அதைக் கருப்பு வெள்ளையாக்கித் தப்பிப்பது வழக்கமாகிவிட்டது. அதைவிட, விளக்கின் நிறத்தை ஈடுசெய்யும் வெண்சமநிலை அமைப்பைச் சரிசெய்யக் கற்றுக்கொள்வதோ, ஒரே வகை விளக்கு விழும் மூலைக்கு நகர்வதோ மேல். நம் கொண்டாட்டங்களில் நிறம் என்பது அலங்காரம் மட்டுமல்ல. பால்குடம் எடுப்பவரின் மஞ்சள் ஆடை நோன்பைச் சொல்கிறது. குங்குமமும் திருநீறும் வேப்பிலையும் ஒவ்வொன்றும் ஒன்றைச் சொல்கின்றன. கருப்பு வெள்ளையில் மஞ்சளும் வெளிர் நீலமும் ஒரே சாம்பலாகிவிடலாம். கருப்பு வெள்ளையே கலையென்று கருதப்பட்ட காலத்திலேயே இந்திய ஒளிப்படக் கலைஞர் ரகுபீர் சிங் இந்தியத் தெருக்களை வண்ணத்தில் மட்டுமே எடுத்துவந்தார். அவர் தேர்வின் நியாயம் லிட்டில் இந்தியாவில் பத்து நிமிடம் நின்றாலே விளங்கிவிடும்.

கருப்பு வெள்ளைக்கு உரிய இடங்களும் இங்கேயே இருக்கின்றன. ஜெட்டியின் வெளுத்த பலகைகள், நீர் வற்றிய சேற்றில் நிற்கும் வீடுகளின் கால்கள், உரிந்த சுண்ணாம்புச் சுவர், உச்சி வெயிலில் கத்திபோல் விழும் தூண் நிழல்கள் ஆகியவற்றில் கதையைச் சொல்வது நிறமல்ல, வடிவமும் ஒளி-இருள் வேறுபாடும். பினாங்கில் பிறந்த ஒளிப்படக் கலைஞர் இஸ்மாயில் ஹாஷிம் (1940–2013) மூன்றாவது வழி ஒன்றைக் காட்டினார்: கருப்பு வெள்ளையில் எடுத்து அச்சிட்டு, அதன்மேல் கையால் வண்ணம் தீட்டினார். அன்றாடப் பொருள்களை எடுத்த அவருடைய படங்களில் நிறம் எங்கே வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பது முழுக்க அவருடைய முடிவு. இருவழிகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அவருடைய படங்களைத் தேடிப் பார்க்க வேண்டும்.

என் பரிந்துரை, முதல் ஆறு மாதங்கள் வண்ணத்திலேயே இருப்பது. கருப்பு வெள்ளையில் பார்க்கப் பழக விரும்புபவர், கோப்பை ராவில் சேமித்துக்கொண்டு திரையை மட்டும் கருப்பு வெள்ளைக்கு மாற்றி வைக்கலாம். எடுக்கும்போது ஒளியும் வடிவமும் தெரியும், வீட்டுக்கு வந்த பிறகும் கோப்பில் நிறம் அப்படியே இருக்கும்.

ரா கோப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள். 14 பிட் ரா கோப்பில் 16,384. ஐந்தடி நடைபாதையின் இருட்டும் தெருவின் வெயிலும் ஒரே சட்டத்தில் வரும் ஊரில் இந்த வேறுபாடு பயன்படும். ஆனால் திருத்தும் வேலையில் மாலைப்பொழுதுகள் கரைவதைத் தொடங்குபவர் தவிர்க்க வேண்டும். கேமராவில் இரண்டையும் சேர்த்துச் சேமிக்கும் வசதி இருந்தால் அதையே வைத்து, அன்றாடம் ஜேபெக்கைப் பார்த்துக்கொண்டு, மிகச் சிறந்த சிலவற்றுக்கு மட்டும் ராவைத் திறந்தால் போதும்.

கைப்பேசி மட்டும் வைத்திருப்பவருக்கு மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும். அதன் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ.க்கு இணையானது, ஐந்தடி நடைபாதைக்கு ஏற்ற அளவு. திரையை விரலால் விரித்துப் பெரிதாக்காமல், அருகே நடந்துபோய் எடுக்க வேண்டும். சென்சார் சிறியதாதலால் பின்னணி தானாகவே தெளிவாக விழும். அதைக் குறையாக எண்ணி போர்ட்ரெயிட் முறைக்குப் போக வேண்டாம். அந்த முறை மங்கலைக் கணக்கிட்டு வரைகிறது. கூந்தலின் ஓரத்தில் பறக்கும் முடியையும், தலையில் சூடிய மல்லிகைச் சரத்தின் பாதியையும் பின்னணி என்று எண்ணி அழித்துவிடுவதைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் காணலாம். ஷட்டர் வேகத்தைக் கையால் மாற்றும் வசதி சில கைப்பேசிகளில் உண்டு, பலவற்றில் தனிச் செயலி வேண்டும். அது இல்லையென்றாலும் நிற்கும் இடமும் வெளிச்சத்தின் நேரமும் முழுக்க உங்கள் கையில்தான் இருக்கின்றன. கேமரா வாங்குவதற்கு முன்பே அவ்விரண்டையும் பழகிக்கொள்ளலாம்.